கொக்கை எடுத்துப் பழகுங்கள், வேட்டி தானாக வரும்

தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் பக்கத்து ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு ஆடியும் மார்கழியும் கை காயும் மாதங்கள். முகூர்த்தம் கிடையாது. பாக்கி ஆல்பம் இருந்தால் டிசைன் செய்து முடிக்கலாம், இல்லாவிட்டால் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மழை ஓய்ந்த மார்கழியில் ஏரிகளில் தண்ணீர் நிற்கும், நடவு வயல்களில் சேற்றுழவு நடக்கும், டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசை கட்டி நடக்கும். கல்யாணப் போட்டோகிராபர் ஒருவர் காசு செலவில்லாமல் தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. கல்யாண ஆல்பத்தில் அதிகம் கெட்டுப்போகும் பொருள் மாப்பிள்ளையின் வேட்டி. கோயில் வாசலில் பத்து மணி வெயிலில் எடுத்த படத்தில் பெண்ணின் பட்டுப்புடவை பளிச்சென்று இருக்கும், முகங்களும் சரியாக இருக்கும், வேட்டி சட்டையில் மட்டும் ஒரு மடிப்பு தெரியாது. வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். கருஞ்சேற்றில் நிற்கும் கொக்கும் கேமராவுக்கு இதே சிக்கலைத்தான் கொடுக்கிறது. அடர்ந்த பின்னணி, நடுவில் சின்னதாய் ஒரு வெள்ளை, மேலே வெயில். மாப்பிள்ளையை நிறுத்தி வைத்து இருபது தடவை எடுத்துப் பழக முடியாது. கொக்கு அந்த விஷயத்தில் பொறுமைசாலி.

வெள்ளைப் பறவைக்கு 'பிளஸ்' போடு என்று எல்லாப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் வயலில் அது பெரும்பாலும் தப்பாகப் போகும். மீட்டருக்குக் கொக்கும் தெரியாது, சேறும் தெரியாது. எதிரில் இருப்பது எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. ஆத்தூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு சேகோ ஆலையில் அனுமதி கேட்டு, களத்தில் காயும் மாவை நண்பகலில் படம் எடுத்துப் பாருங்கள். பிரேம் முழுக்க வெள்ளை. மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், படம் மங்கி அழுக்காக வரும். அங்கே பிளஸ் ஒன்றரை, இரண்டு வரை தேவைப்படும். கொக்கின் கதை நேரெதிர். 200 எம்.எம். லென்ஸில் அது பிரேமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மற்றதெல்லாம் கருஞ்சேறு, இல்லாவிட்டால் கரும்பச்சை நாற்று. மீட்டர் அந்த இருட்டைத் தூக்கிவிடும், கூடவே கொக்கும் எகிறி 'ஓவர்' ஆகிவிடும். இங்கே மைனஸ் ஒன்று, வெயில் கடுமையாக இருந்தால் மைனஸ் ஒன்றே முக்கால். அதே கொக்கு எழும்பி மேகமூட்டமான வானத்துக்கு எதிரே பறந்ததும் மறுபடியும் பிளஸ். ஒரே பறவை மூன்று நொடிக்குள் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகிறது. எந்த விரல் அந்த வேகத்தில் டயலைத் திருப்பும்?

ஆகவே மேனுவல். கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறுகிறது. வெயிலை ஒரு தடவை சரியாக அளந்து பூட்டிவிட்டால், கொக்கு சேற்றில் நின்றாலும் வானத்தில் பறந்தாலும் அதன் வெள்ளை அப்படியே இருக்கும். பிலிம் காலத்துப் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு ஒன்று உண்டு: தெளிந்த வெயிலில் அபர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ எண்ணுக்குச் சமம். ஐ.எஸ்.ஓ 400 வைத்தால் 1/400 நொடி. அபர்ச்சரை 8-க்குத் திறந்தால் 1/1600. வெள்ளைப் பொருளுக்கு இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து 1/3200. பறக்கும் கொக்குக்கு இந்த வேகம் தாராளம். காலையின் முதல் ஒரு மணி நேரத்தில் வெயில் இளசாக இருப்பதால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் திரும்பக் கொடுக்கலாம். மேகம் வந்து போனால் மட்டும் மறுபடியும் அளக்க வேண்டும்.

வெயிலை அளக்க இன்னொரு வழி, ஸ்பாட் மீட்டரில் கொக்கின் வெயில் பட்ட முதுகை மட்டும் அளந்து அதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுவது. அமெரிக்கப் போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த 'ஸோன்' முறையின் சாரம் இதுதான். சுத்தக் கறுப்பிலிருந்து சுத்த வெள்ளை வரை 0 முதல் 10 என்று படி போட்டார்கள். நடுச்சாம்பல் ஐந்தாம் படி. வெள்ளையாகவும் இருக்க வேண்டும், உள்ளே இழையும் தெரிய வேண்டும் என்றால் ஏழாம் படியை ஒட்டி நிற்க வேண்டும். ஒன்பதுக்குப் போனால் இழை செத்துவிடும். கொக்கின் சிறகுக்கும் கதர் வேட்டிக்கும் அதே படிதான்.

எடுத்ததும் திரையில் படத்தை ரசிக்காதீர்கள். வெயிலில் திரை காட்டுவது பொய். மெனுவுக்குள் 'ஹைலைட் அலர்ட்' என்று ஒன்று இருக்கும், அதை இயக்கி வையுங்கள். வெள்ளை எகிறிய இடம் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கும். கொக்கின் முதுகில் எங்காவது மினுக்கினால் ஷட்டரை இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். தண்ணீரில் சூரியன் தெறிக்கும் புள்ளிகள் மினுக்கினால் பரவாயில்லை, விட்டுவிடலாம். ஹிஸ்டோகிராம் பார்ப்பவர்கள் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காலை மஞ்சள் வெயிலில் பொதுக்கோடு சாதுவாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் போய் இடித்துக்கொண்டிருக்கும். பிறகு எடிட்டிங்கில் அந்த இடம் விநோதமான மஞ்சளாகத் திரும்பும்.

ரா கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கேமராத் திரையின் எச்சரிக்கை ஜேபெக்கை வைத்துப் போடப்படுவது என்பதால் ராவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடச் செலவுக்கு எடுக்காதீர்கள்.

வயலில்

கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 70–200 லென்ஸே தொடங்கப் போதும். ஏ.பி.எஸ்-சி பாடி இருந்தால் கூடுதல் நெருக்கம், 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் இன்னும் கொஞ்சம். 150–600 லென்ஸ் முதல் மாதத்திலேயே வாங்க வேண்டிய பொருள் அல்ல. சேலத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்து, ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உழவு நடக்கும் வயலில் உண்ணிக்கொக்குகள் டிராக்டரைக் கண்டு பயப்படுவதில்லை. சக்கரம் கிளப்பிவிடும் பூச்சியும் தவளையும்தான் அவற்றின் சாப்பாடு. வரப்போரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் கொக்குகள் தானாக உங்கள் பக்கம் வரும். பின்னால் துரத்திக்கொண்டு போனால் முதுகுதான் கிடைக்கும்.

காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாய் அண்டை கட்டிய வரப்பில் கால் வைத்தால் அது சரியும், நாற்றங்காலில் இறங்கினால் சண்டை வரும். அடுத்த முறை போகும்போது அவர் டிராக்டரோடு நிற்கும் படம் ஒன்றை பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அந்த வருஷம் முழுக்க வயல் உங்களுடையது. மலையடிவாரக் காடுகளில் மட்டும் இருட்டு விலகும் முன் நடமாடாதீர்கள். பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்து வைப்பதுண்டு.

ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை என்று இருப்பதால் வெயில் வயலில் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். இறங்கியதும் சாய்வாக வரும். கொக்கின் வெள்ளைக்கு அந்தச் சாய்வுதான் உயிர். பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு இறகும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்ளும், உருவம் உருண்டு வரும். வெயிலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் கொக்கு தட்டையாகிவிடும். தம்மம்பட்டி மரச்சிற்பப் பட்டறைகளில் வண்ணம் பூசாத வாகை மரச் சிலையைப் படம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. உளி வெட்டு தெரிய வேண்டுமானால் விளக்கைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தப் பட்டறைகளுக்கு வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் போடத் தரமான படங்கள் எப்போதும் தேவை. கொக்கில் பழகிய கை அங்கேயும் விலை போகும்.

எந்தக் கொக்கு என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்தி. சின்னக் கொக்குக்குக் கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் பாதம். சேற்றில் ஒரு காலை நடுக்கி இரையைக் கிளப்பும், அப்போது 1/1000-க்குக் கீழே போகாதீர்கள். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். பாதத்தை வெட்டி, முகத்தை மங்கலாக எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயர் எழுத முடியாத படம். பெயர் எழுத முடியாத பறவைப் படத்தை எந்தப் பதிப்பாளரும் காசு கொடுத்து வாங்கமாட்டார். பெயரில் சந்தேகம் என்றால் ஈபேர்டில் படத்தை ஏற்றுங்கள், தவறிருந்தால் அங்கே சரிபார்ப்பவர்கள் கேட்பார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியையும் சேர்த்தால் நாலு அனுபவசாலிகளின் பழக்கமும் கிடைக்கும். வேலை வாய்ப்பு என்பது பாதி இந்தப் பழக்கம்தான்.

மேசையில்

எடிட்டிங்கில் முதல் வேலை அழிப்பது. நானூறு படத்திலிருந்து பத்தை எடுக்கத் தெரியாதவரிடம் எந்த ஸ்டுடியோ முதலாளியும் கல்யாணத் தேர்வை நம்பிக் கொடுக்கமாட்டார். கண் கூர்மையாக இல்லையா, வெள்ளை வெந்துவிட்டதா, பின்னணியில் பிளாஸ்டிக் பையா, தூக்கிப் போடுங்கள்.

மிஞ்சியதில் கை வைக்கும் முன் மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டறையில் லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்பவர்களின் படம்தான் லேபிலிருந்து கறுத்து வருகிறது. பிறகு லேப்காரர் மேல் பழி.

லைட்ரூமோ, காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளோ, வரிசை ஒன்றுதான். சரியாக எடுத்த கொக்குப் படம் திறந்தவுடன் இருட்டாகத் தெரியும், சேறு கறுப்பாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மொத்த எக்ஸ்போஷரைத் தூக்க நினைக்காதீர்கள். தூக்கினால் காலையில் பாடுபட்டுக் காப்பாற்றிய வெள்ளை கைவிட்டுப் போய்விடும். ஷேடோவை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். ஹைலைட்டை இறக்கும்போது நிதானம் வேண்டும். முழுக்க இறக்கினால் கொக்கு சிமெண்ட் நிறத்துக்கு வந்துவிடும், வெள்ளைப் பறவை என்று நம்ப முடியாது. எண்ணைப் பாருங்கள். 255 கணக்கில் சிறகின் பெரும்பகுதி 215-லிருந்து 240-க்குள், மிக வெளிச்சமான ஓரம் 250-ஐத் தாண்டாமல். லைட்ரூம் சதவீதத்தில் காட்டும், அங்கே 85 முதல் 94. 250-க்கு மேல் போன இடத்தில் பிரிண்டில் வெறும் தாள்தான் தெரியும்.

அடுத்தது நிறம். நாற்று வயலில் நிற்கும் கொக்கின் வயிற்றில் பச்சை அடிக்கும், நிழலில் நிற்பதன் மேல் நீலம் ஏறும். பறவையை மட்டும் மாஸ்க் போட்டுப் பச்சையைக் கொஞ்சம் குறைக்கலாம். முற்றிலும் துடைத்துவிட்டால் வேறெங்கிருந்தோ வெட்டி வந்து வைத்தது போலாகிவிடும். காலை வெயிலின் இளமஞ்சளையும் அப்படியே விடுங்கள், அது படத்தின் நேரத்தைச் சொல்கிறது. இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்து உண்ணிக்கொக்குக்குத் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் ஆரஞ்சு நிறம் வரும். 'வெள்ளையைச் சுத்தமாக்குகிறேன்' என்று மாஸ்க் போட்டு அதையும் வெளுக்க வைத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தது பறவையின் கல்யாண உடுப்பு.

நாய்ஸ் குறைக்கும்போதும் அப்படித்தான். சின்னக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் இனப்பெருக்கக் காலத்தில் முதுகிலிருந்து நூல் நூலாகத் தூவிகள் தொங்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக இந்தத் தூவிகளுக்கு உலகச் சந்தையே இருந்தது, கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. இங்கிலாந்தில் 1889-ல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதற்கு அந்த வியாபாரம்தான் காரணம். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902-ல் தடை செய்தார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிழைத்த தூவியை ஒரு ஸ்லைடரில் மெழுகாக்கிவிடக் கூடாது. நாய்ஸ் குறைப்பைப் பின்னணிக்கு மட்டும் கொடுங்கள். ஏ.ஐ. டீனாய்ஸ் சில சமயம் இல்லாத இறகையும் வரைந்து வைக்கும், நூறு சதவீதப் பெருக்கத்தில் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். ஷார்ப்னிங் கூடினால் வெள்ளைக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு கோடு கிளம்பும். அந்தக் கோடு தெரிந்தால் எடிட்டர் கற்றுக்குட்டி என்று அனுபவசாலி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

பிரிண்டுக்கு அனுப்பும்போது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக், கூடவே 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. இல்லாவிட்டால் லேப் இயந்திரம் இருட்டுச் சேற்றைப் பார்த்துத் தானாகத் தூக்கி, வெள்ளையை வெந்துபோக வைக்கும். கேமரா மீட்டர் செய்த அதே தப்பை மறுபடியும் செய்யும். சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போங்கள். மேட் தாளில் சிறகின் இழை நன்றாக நிற்கும் என்பது என் கட்சி.

காசு

நேராகச் சொல்லிவிடுகிறேன். கொக்குப் படத்தை விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. ஸ்டாக் தளங்களில் வெள்ளைக் கொக்குப் படங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன, உங்கள் படம் அந்த மலையில் இன்னொரு கல். வருமானம் வேறு வழியில் வரும். பன்னிரண்டு படத்தில் ஒரு தொகுப்பு தயார் செய்யுங்கள். ஆறு கொக்கு, ஆறு கல்யாணம். கடும் வெயிலில் கொக்கு, பக்கத்தில் அதே வெயிலில் வேட்டி கட்டிய மாப்பிள்ளை. ஒன்றிரண்டுக்கு ரா கோப்பின் முதல் நிலையையும் பக்கத்தில் வையுங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் பெரிய ஸ்டுடியோக்கள் கேண்டிட் ஆளையும் எடிட்டரையும் வேலை வேலையாகக் கூப்பிடுகின்றன. அவர்களுக்குச் சான்றிதழைவிட இந்தப் பன்னிரண்டு படம் அதிகம் பேசும். எடிட்டிங் வேலைக்குப் படக் கணக்கில் கூலி பேசும் முன், ஒரு படத்துக்கு உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மணிக்கூலி கணக்கில் கட்டுப்படியாகாத வேலை, எண்ணிக்கை கூடினாலும் கட்டுப்படியாகாது.

படத்தோடு நாலு வரி எழுதத் தெரிந்தால் பத்திரிகை, பள்ளிப் புத்தகம், நாட்காட்டி என்று இன்னும் சில கதவுகள் உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்ப் படங்களை எடுத்தவர், எழுத்தும் அவருடையதே. படம் ஒருவர், எழுத்து ஒருவர் என்று தேட வேண்டிய அவசியத்தைப் பத்திரிகைகளுக்கு அவர் வைக்கவில்லை. தமிழில் அவர் எழுதியவற்றை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். படக்குறிப்பு எழுத நினைப்பவர்கள் வாங்கிப் படிக்கலாம்.

போட்டிகளுக்கு அனுப்புவதானால் ரா கோப்பை அழிக்காதீர்கள். பெரும்பாலான போட்டிகளில் கடைசிச் சுற்றில் கேட்பார்கள். குச்சியை அழித்தது, வானத்தை மாற்றியது எல்லாம் அங்கே வெளிவந்துவிடும். பறவைக் கூடுகளின் படங்களைப் பல பறவைக் குழுக்கள் ஏற்பதே இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. கூட்டின் அருகே ஆள் நின்றால் தாய் விலகிப் போகும், காக்கைக்கு அந்த இடைவெளி போதும். கூடுகள் இருக்கும் மரத்துக்கு மேல் டிரோன் விடுவதை இன்னும் யாராவது செய்தால், அவரோடு வேலைக்குப் போகாதீர்கள். வயலில் எடுப்பதற்கு நில உரிமையாளரின் சம்மதம் போதும். வெள்ளோடு, வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் வனத்துறையின் அனுமதி விதிகள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி பெறுவதைப் பற்றியும் பேசுகிறது. வாசலில் கேமராக் கட்டணம் கட்டிவிட்டால் விளம்பரப் படமும் எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து உங்களை எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். ஆகக் கல்யாணப் படம் கல்யாண வீட்டாருடையது. உங்கள் விளம்பரத்தில் போட அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையின் பகுதியாக எடுத்தது முதலாளிக்குப் போகும். விடுமுறை நாளில், சொந்தக் கேமராவில், யாரும் சொல்லாமல் வயலுக்குப் போய் எடுத்த கொக்கு முழுக்க உங்களுடையது. 2012 திருத்தத்துக்குப் பின் உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் அந்த உரிமை நிற்கும். அதனால் நாட்காட்டிக்காரரோ ரிசார்ட்காரரோ கேட்டால் படத்தை விற்காதீர்கள், பயன்பாட்டை மட்டும் கொடுங்கள். எந்தப் பொருளில், எத்தனை பிரதி, எந்த வருஷம் வரை என்பதை பில்லிலேயே எழுதிவிடுங்கள். மூன்று வரிக்கு மேல் ஆகாது.